தறி வீட்டுப் பையனுக்கு மிலிட்டரி சான்ஸ்!

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டு ப்ளஸ் டூ பையன் என்னிடம் கேட்டான்: "காமர்ஸ் குரூப்காரனுக்கு என்.டி.ஏ.வுல இடம் உண்டாண்ணே?"

உண்டு! ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப்பும் போதும். ஆனால் யு.பி.எஸ்.சி. தேர்வில் கணக்குப் பேப்பரிலிருந்து யாரும் தப்ப முடியாது. மார்க் 300. ஆங்கிலமும் பொது அறிவும் சேர்ந்து 600. வருஷத்துக்கு இரண்டு தடவை தேர்வு. ஒவ்வொன்றுக்கும் சுமார் 400 இடம்தான். மோதுவதோ லட்சக்கணக்கில்.

எழுத்துத் தேர்வில் ஜெயித்தாலும் பாதிக் கிணறுதான். அடுத்து ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகம். அதற்கும் 900 மார்க்! நம்மூர்ப் பசங்க பலர் வாய் திறக்கத் தயங்குவது இங்கேதான். பாவு மட்டும் போட்டு ஊடை இல்லாமல் பட்டுப்புடவை வருமா?

பத்தொன்பதரை வயதோடு கதவு மூடிவிடும். இன்றே நாலு பேர் முன்னால் பேசிப் பழகு, தம்பி!