டெங்கு கொசுவுக்குக் காய்ச்சல் ஏன் வருவதில்லை?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால், திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனைக்குக் காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு டெங்குவாக இருக்குமோ என்ற பயம்தான் முதலில். அதற்கு, சாக்கடை கலந்து ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலைத் திட்டிப் பயனில்லை. சாக்கடைத் தண்ணீரில் பெருகுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ் கொசு. டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் எஜிப்தி வளர்வது வீட்டு டிரம்மிலும் மாடியில் போட்ட டயரிலும், நல்ல தண்ணீரில்.

நோயாளியின் ரத்தத்தோடு டெங்கு வைரஸ் அந்தக் கொசுவின் குடலுக்குள் போகிறது. ஒன்றரை வாரம் போல உடலெங்கும் பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. அதன்பின் கொசு சாகும்வரை போவதில்லை. நம்மைப் படுக்கையில் தள்ளும் வைரஸ் கொசுவை மட்டும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. இத்தனைக்கும் அதனிடம் ஆன்டிபாடி கிடையாது.

இருப்பது ஆர்.என்.ஏ. மௌனமாக்கல். டெங்கு வைரஸின் மரபுச் செய்தி ஏறக்குறைய 10,700 எழுத்து கொண்ட ஒற்றை இழை ஆர்.என்.ஏ. தன்னை நகலெடுக்கும்போது அது இரட்டை இழையாகியே தீரவேண்டும், மாட்டிக்கொள்வது அங்கேதான். நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. கொசுவின் செல்லில் தென்பட்டால், அந்நியன் புகுந்துவிட்டான் என்று பொருள். டைசர்-2 என்ற புரதம் அதை 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோநாட்-2 என்ற புரதம் துண்டின் ஓர் இழையை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுகிறது. போலீஸ்காரர் சட்டைப்பையில் இருக்கும் திருடன் படம் மாதிரிதான் அந்த இழை. அதோடு பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ. எங்கே அகப்பட்டாலும் வெட்டு விழும். எந்த வைரஸ் வரும் என்று முன்கூட்டித் தெரியவே வேண்டாம். படத்தைக் கொடுப்பதே திருடன்தான்!

வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை. ஃப்ளாக் ஹவுஸ் என்ற பூச்சி வைரஸ், பி2 என்ற புரதத்தால் இரட்டை இழையைப் போர்த்தி டைசரிடமிருந்து மறைத்துவிடுகிறது. 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த பி2-வை, கொசுக்களால் பரவும் சிண்ட்பிஸ் வைரஸுக்குள் வைத்து ஏடிஸ் கொசுக்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். வழக்கமாகக் கொசுவோடு ஒத்துப்போகும் வைரஸ் இப்போது அவற்றைக் கொன்றது. ஆக, இந்த அரண் கொசுவை மட்டுமா காக்கிறது? வண்டி கவிழாமல் பார்த்துக்கொள்வதால் வைரஸையும் அல்லவா அடுத்த வீடுவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது!

அரணை இன்னும் முடுக்கிவிட்டால்? 2006-லேயே ஆய்வாளர்கள் அதையும் செய்து பார்த்திருந்தார்கள். டெங்கு வைரஸ் துண்டு ஒன்றை இரட்டை இழையாகக் குடலில் தானே தயாரித்துக்கொள்ளும் ஏடிஸ் கொசுவை உருவாக்கினார்கள். வைரஸால் அதில் வேரூன்ற முடியவில்லை. ஆனால் பதினேழாம் தலைமுறைக்குள் அந்தத் திறன் போய்விட்டது. டெங்குவில் நான்கு வகை உண்டு. அந்தக் கொசு தடுத்தது இரண்டாம் வகையை மட்டும்தான்.