ஹலாலா என்று கேட்டோம். பாதுகாப்பானதா என்று கேட்டோமா?

  

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றிருந்தபோது, ஒரு வாலிபர் கையில் ஒரு போத்தலுடன் என்னிடம் வந்தார். “ஹஸ்ரத், இந்தக் குளிசை உறையிலுள்ள ஜெலட்டின் ஹலாலா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. போத்தலில் எழுதியிருந்ததை வாசித்துப் பார்த்தேன். ஜெலட்டின் எந்தப் பிராணியிலிருந்து பெறப்பட்டது என்ற விபரம் இல்லை. தெளிவு கிடைக்கும்வரை தவிர்ந்துகொள்ளுங்கள் என்றேன். பின்னர், “இது யாருக்கு?” என்று வினவினேன்.

“வாப்பாவுக்கு. அவருக்குப் பன்னிரண்டு வருடமாக நீரிழிவு. இது சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யுமாம்.”

“வைத்தியரிடம் கேட்டீர்களா?”

“இல்லை ஹஸ்ரத், இது இயற்கையானதுதானே!”

அந்தப் பதில் என்னைச் சிந்திக்க வைத்தது. உறையைப் பற்றி விசாரித்தோம். உறைக்குள் இருப்பதைப் பற்றி இருவருமே விசாரிக்கவில்லை. மார்க்கம் நமது உணவுக்கு ஹலால் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் விதிக்கவில்லை. தய்யிப், அதாவது நல்லதும் தூயதுமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதனோடு சேர்த்தே விதித்துள்ளது. முதலாவதைப் பேணுகின்ற நாம் இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

சிறுநீரகங்களின் பணியைச் சற்று நோக்குவோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டுமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டி, தேவையானதை மீண்டும் இரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, ஒன்று அல்லது இரண்டு லீற்றரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. சுத்தம் செய்வதே அவற்றின் தொழில். அவற்றைச் சுத்தம் செய்ய வேறொரு குளிசை தேவையில்லை. மாறாக, நாம் விழுங்கும் ஒவ்வொரு தூளின் சுமையிலும் ஒரு பங்கு அவற்றின் மீதே விழுகிறது. அவை பழுதடையும்போது வலியும் தெரிவதில்லை. கால் வீங்கி, பசி குன்றி, வாந்தி வருகின்ற வேளையில் பெரும்பகுதி கைநழுவிப் போயிருக்கும். அதன்பின் வாரத்தில் இரண்டு, மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணித்தியாலம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அருகே படுத்திருக்க வேண்டிய நிலை ஏற்படுகின்றது.

“இயற்கையானது” என்ற சொல்லுக்கு வருவோம். காமரங்காய் இயற்கையானதுதான். குறுக்கே வெட்டினால் நட்சத்திர வடிவில் தோன்றும் அந்தக் கனியின் சாற்றை நீரிழிவுக்கு நல்லதென்று வெறும் வயிற்றில் அருந்துவோர் நம் ஊர்களில் உண்டு. அதில் ஒக்சலேற் எனும் உப்பு மிகுதியாக உள்ளது. அளவு மீறும்போது அது சிறுநீரகத்தினுள் பளிங்குகளாகப் படிகின்றது. காமரங்காயினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட இருவரைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் 2015ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அது திடீர்ப் பாதிப்பையும், நாட்பட்ட பாதிப்பையும் ஏற்படுத்தலாம் என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஏற்கனவே சிறுநீரக நோயுள்ளவருக்கு இக்கனியிலுள்ள வேறொரு நச்சுப்பொருள் மூளையையும் தாக்கி, தீராத விக்கலையும் வலிப்பையும் உண்டாக்கும். பிலிங்காய்ச் சாற்றுக்கும் ஒக்சலேற் குறித்த இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மூலிகையும் அவ்வாறே. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காக மூலிகைக் குளிசை உட்கொண்ட பெண்களில் நூறுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்த வேறொன்று தவறுதலாகக் கலந்திருந்ததே காரணம். பின்னர் அவர்களிற் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் தோன்றியது. அதே இனத்துச் செடியொன்று நம் நாட்டிலும் உண்டு. தமிழில் ஈசுரமூலி என்றும், சிங்களத்தில் சப்சந்த என்றும் அழைக்கப்படுவது அதுவே.

விற்றமின்களும் அளவுக்கு உட்பட்டவையே. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான விற்றமின் சி நூறு மில்லிகிராமுக்கும் குறைவு. கடையில் கிடைக்கும் ஒரு குளிசையிலோ ஆயிரம் மில்லிகிராம் இருக்கின்றது. மிகுதியின் ஒரு பகுதி உடலில் ஒக்சலேற்றாக மாறிச் சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கலாம். விற்றமின் டி அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் உயர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

லேபலில் எழுதப்படாதவையும் உண்டு. மூட்டுவலிக்கென விற்கப்பட்ட ஒரு துணையுணவில் டைக்ளோபெனாக் எனும் வலிநிவாரணியும் ஸ்டீரொயிட் மருந்தும் மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததாக 2022ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அத்தகைய வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக் கூடியவை.

உடற்பயிற்சி நிலையம் செல்லும் வாலிபர்களே! உங்களை அச்சுறுத்துவது எனது நோக்கமல்ல. நாளுக்கு மூன்று முதல் ஐந்து கிராம் வரையான கிரியேட்டின் ஆரோக்கியமானவரின் சிறுநீரகத்தைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் அது இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைச் சற்று உயர்த்திக் காட்டலாம். ஆகவே பரிசோதனைக்குச் செல்லும்போது அதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். தனக்குச் சிறுநீரக நோய் இருப்பதை அறியாமலேயே ஒருவர் புரதத் தூளை அள்ளி உண்பதுதான் ஆபத்து. முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றிலேயே பெரும்பாலானோருக்குப் போதுமான புரதம் உண்டு.

ஆகவே, எந்தத் துணையுணவையும் தொடங்குமுன் நான்கு விடயங்களைப் பேணிக்கொள்ளுங்கள்.

முதலாவது, உங்கள் சிறுநீரகத்தின் நிலையை அறிந்துகொள்ளுங்கள். இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகிய இரண்டு எளிய பரிசோதனைகள் போதும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வருடந்தோறும் இவற்றைச் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, “இது எந்தக் குறைபாட்டை நீக்கும்?” என்று கேளுங்கள். குறைபாடு உறுதியானால் வைத்தியர் சொல்லும் அளவில், சொல்லும் காலத்துக்கு உட்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உள்ளடக்கமும் அளவும் தெளிவாக எழுதப்படாத பொருளை வாங்காதீர்கள். நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்வதற்கு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை உள்ளது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்ததும், தொலைபேசி விளம்பரத்தில் வாங்கியதும் எந்தச் சோதனையையும் கடந்திராதவையாக இருக்கலாம்.

நான்காவது, வைத்தியரைக் காணச் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம், மக்னீசியம் அடங்கிய சாதாரணக் குளிசையும் ஆபத்தாகலாம்.

அந்த வாலிபர் அடுத்த வாரமே தன் வாப்பாவை வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். சிறுநீரில் அல்புமின் கசிவது தெரியவந்தது. ஆரம்ப நிலைதான். வைத்தியர் மருந்துகளை மாற்றிக் கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். அந்தப் போத்தல் திறக்கப்படவேயில்லை. திறந்து ஆறு மாதம் நம்பியிருந்தால், அந்த ஆறு மாதமும் நோய்க்கே கிடைத்திருக்கும்.

பெற்றோர்மீதான பாசம் போத்தல் வாங்கிக் கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை; பரிசோதனைக்குக் கூட்டிச் செல்வதும் பாசமே. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை அறிவோடு பேணிக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.