மாரடைப்பும் புதுக் குருதிக்கலன்களும்

உடல் முழுவதற்கும் குருதியை அனுப்பும் இதயம், தன் தசைக்கு வேண்டிய குருதியைத் தன் அறைகளிலிருந்து நேரே பெறுவதில்லை. முடியுரு நாடிகள் எனப்படும் குழாய்களே அத்தசைக்கு உணவும் ஒட்சிசனும் கொண்டு செல்கின்றன. அவற்றுள் ஒன்றில் குருதி உறைந்து வழி அடைபடுவதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணமாகும். அடைப்பு நீங்காவிடின் அரைமணி நேரமளவில் தசை மடியத் தொடங்கும். சில மணி நேரத்துள் அப்பகுதியிற் பெரும்பங்கு மடிந்துபோகும். பின்னர் அங்கு எஞ்சுவது வடுவே.

வாய்க்கால் தூர்ந்தால், வேறு வழி வெட்டிப் பயிருக்கு நீர் பாய்ச்சுவர் உழவர். இதயத்துக்கும் அவ்வாறு புதுவழி வெட்டலாகாதா? இவ்வினாவுக்கு இயற்கையே இடந்தந்தது. நாடி பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சுருங்கிவரும் சிலரில், பக்கத்துச் சிறு குழாய்கள் தாமே விரிந்து குருதியைக் கொண்டு செல்வதுண்டு. அவ்வளர்ச்சியை மருந்தினால் தூண்ட மருத்துவர் விழைந்தனர்.

இதற்கு ஏற்றதென ஆராயப்பட்டவற்றுள் ஒன்று எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோன். குருதியில் ஒட்சிசன் குறையும்போது சிறுநீரகம் இதனை மிகுதியாகச் சுரக்கும். உடனே என்பு மச்சை செங்குருதிக் கலங்களைப் பெருக்கும். சிக்காகோவில் இயூஜின் கோல்ட்வாசர் குழுவினர் 1977ஆம் ஆண்டு இதனை மனிதரின் சிறுநீரிலிருந்து தூயதாகப் பிரித்தெடுத்தனர். பின்னர் இது பேரளவில் ஆக்கப்பட்டு, சிறுநீரக நோயாளரின் குருதிச்சோகைக்கு மருந்தாயிற்று.

இதே ஓமோன், ஒட்சிசனின்றி வாடும் கலங்கள் மடிவதைக் குறைப்பதாகவும், இதயத் தசையில் புதிய மயிர்த்துளைக் குழாய்கள் தோன்றத் துணைசெய்வதாகவும் எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. நம்பிக்கை பெருகியது. ஆயினும் எலிக்கு நலந்தந்தது மனிதனுக்கும் நலந்தருமா என்பதைச் சோதித்தன்றி அறிய இயலாது.

நெதர்லாந்தில் 529 நோயாளரும், அமெரிக்காவில் 222 நோயாளரும் இச்சோதனைக்கு உட்பட்டனர். அடைபட்ட நாடியைத் திறந்தபின், ஒரு சாராருக்கு 60,000 அலகு வரையான ஓமோன் ஒரே முறையில் ஏற்றப்பட்டது. மறு சாராருக்கு அது ஏற்றப்படவில்லை. 2010இல் வெளியான நெதர்லாந்து முடிவின்படி, ஆறு வாரங்களின் பின்னும் இதயத்தின் இறைக்கும் ஆற்றலில் இரு சாராரிடையே வேறுபாடு இல்லை. 2011இல் வெளியான அமெரிக்க முடிவின்படி, மடிந்த தசையின் அளவு குறையவில்லை. அங்கு மரணம், மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய கேடுகள் மருந்து பெற்றோரிடமே காணப்பட்டன. நெதர்லாந்திலோ அத்தகைய கேடுகள் மருந்து பெற்றோரிடம் குறைவாகவே இருந்தன. கேட்டைப் பற்றி இரண்டும் ஒத்துரையாவிடினும், எதிர்பார்த்த பயன் இல்லை என்பதில் ஒத்தே நின்றன.

காரணம் ஓரளவு விளங்கத்தக்கது. தசை மடிவது மணிக்கணக்கில். குழாய் வளர்வதோ நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும். வாடும் பயிர் புது வாய்க்காலுக்காகக் காத்திராது. அன்றியும், நுண்ணிய குழாய்கள் பல தோன்றினும், அடைபட்ட பெருநாடியின் பணியை அவை முற்றாக ஏற்றல் அரிது.

ஆராய்ச்சி வேறு வழிகளில் தொடர்கின்றது. ஆனால் இன்று மாரடைப்புற்றவரைக் காக்கும் தலையாய வழி, பழைய நாடியை விரைந்து திறப்பதே. நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் தோன்றின், விடியட்டும் எனக் காத்திராது உடனே மருத்துவமனையை நாடவேண்டும். இழந்த தசையை மீட்டுத்தரும் மருந்து கைவராத வரையில், காலமே நோயாளியின் பெருஞ் செல்வம்.