கரையில் மின்சாரம் குடித்துக் காயலில் ஓடும் படகு!

கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையத்தில் கடல் இல்லை, காயலும் இல்லை. ஆனால் டிராக்டர் உண்டு. காலையில் அது கிளம்ப மறுத்தால், "பாட்டரி இறங்கிவிட்டது" என்பார்கள். வேறொரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக் கிளப்பிவிடலாம்.

நடுக்காயலில், 75 பேரை ஏற்றிய படகின் பாட்டரி இறங்கிவிட்டால்?

அப்படி நேராமல் காப்பதுதான் கரை மின்சாரத்தின் வேலை.

வைக்கம் துறையில்

1924-ம் ஆண்டு பெரியார் ஈ.வெ.ரா. போராடிச் சிறை சென்ற வைக்கம் நமக்குத் தெரியும். கேரளத்தில், வேம்பநாட்டுக் காயலின் கரையில் இருக்கிறது அவ்வூர். எதிர்க்கரையில் தவணக்கடவு. இடையே சுமார் இரண்டரை கிலோமீட்டர் தண்ணீர்.

2017 ஜனவரி 12 அன்று அங்கே 'ஆதித்யா' என்ற படகு தொடங்கி வைக்கப்பட்டது. சூரிய சக்தியால் ஓடும் இந்தியாவின் முதல் பயணிகள் படகு இது. புகை இல்லை, டீசல் நாற்றம் இல்லை. கூரையில் பதித்த தகடுகள் வெயிலை மின்சாரமாக்கும். போதாததைக் கரையிலிருந்து கம்பி வழியே ஏற்றிக்கொள்ளும்.

ஆதித்யாவின் பாட்டரி 50 யூனிட் கொள்ளும். ஆனால் மோட்டார்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 20 கிலோவாட். இரண்டையும் முழுச் சக்தியில் ஓட்டினால், 50 யூனிட்டும் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நிதானமாக ஓட்டினால் பல மடங்கு நேரம் தாங்கும். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு செலவாகும் என்ற கணக்குத் தெரியாமல் கரையை விட்டுக் கிளம்பக் கூடாது.

மின்சாரம் ஏறுவது எப்படி?

கரையில் வரும் மின்சாரம் 230 வோல்ட். அது வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலையும். அதற்கு ஏ.சி. என்று பெயர். பாட்டரியோ ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரத்தைத்தான் ஏற்கும். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றிக் கொடுப்பது சார்ஜர்.

மேட்டுத் தண்ணீர்தானே பள்ளத்துக்குப் பாயும்? மின்சாரமும் அப்படியே. டிராக்டரில் உள்ள 12 வோல்ட் பாட்டரிக்குச் சார்ஜர் சுமார் 14 வோல்ட் கொடுத்தால்தான் மின்சாரம் ஏறும்.

குடம் நிறையும் நேரத்தில் குழாயைச் சற்று மூடுகிறோம் அல்லவா? நல்ல சார்ஜரும் கடைசியில் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைக்காவிட்டால், டிராக்டரில் இருப்பது போன்ற ஈயப் பாட்டரியில் தண்ணீர் வற்றும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பக்கத்தில் பீடி பற்றவைத்தால் வெடிக்கும்! புதுவகை லித்தியம் பாட்டரியை அளவு மீறி ஏற்றினால் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே அதனுடன் ஒரு காவல் கருவி சேர்ந்தே வருகிறது.

2023 ஏப்ரல் 25 அன்று கொச்சியில் 'வாட்டர் மெட்ரோ' தொடங்கியது. அதன் படகுகளின் பாட்டரிகள், துறையில் நிற்கும் 10, 15 நிமிடத்திலேயே மின்சாரம் ஏற்றிக்கொள்ளக்கூடியவை. ஆட்கள் இறங்கி ஏறுவதற்குள் படகுக்கும் ஆகாரம் ஆகிவிடும்!

தண்ணீரும் மின்சாரமும்

தண்ணீர் அருகே மின்சாரக் கம்பி கிடப்பது ஆபத்து. கசிவு ஏற்பட்டால், நீரில் நீந்துபவருடைய கைகால்கள் செயலிழந்துபோகும். நீச்சல் தெரிந்தவரும் மூழ்கிவிடுவார்.

ஆகவே முறை ஒன்று உண்டு. முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். கம்பியை முதலில் படகில் செருக வேண்டும், பிறகுதான் கரையில். கழற்றும்போது முதலில் கரையில்; பிறகே படகில். மாற்றிச் செய்தால், மின்சாரம் பாயும் முனை கை தவறித் தண்ணீரில் விழக்கூடும்.

எர்த் கம்பி கட்டாயம் வேண்டும். கசிவு கண்டவுடன் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் வேண்டும்.

இவை படகுக்கு மட்டும் அல்ல. கிணற்றடி மோட்டாருக்கும், ஈரத்தரை உள்ள வீட்டுக்கும் இவையே காவல். எலெக்ட்ரீஷியன் அடுத்த முறை வரும்போது, "எர்த் சரியாக இருக்கிறதா? ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள்.