பேசின் பிரிட்ஜில் வண்டி மாறுவது போல

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிகிற நேரம். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் போனை நீட்டினார். கம்பெனி அவரைப் பயிற்சிக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அனுப்புகிறது.

"துபாய் வழியா ஒண்ணு, ஃபிராங்க்ஃபர்ட் வழியா ஒண்ணு. நேரா போற ஃபிளைட்டே இல்லையா அண்ணே?"

"திருவள்ளூருக்கு ரயில்ல எப்படிப் போவே தம்பி?"

"பேசின் பிரிட்ஜ்ல இறங்கி அரக்கோணம் வண்டி பிடிப்பேன்."

திருவள்ளூர் நம் மாவட்டத்தின் தலைமையிடம்தான். ஆனாலும் தெற்கே சென்னை வரை போய் மேற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. பெரியபாளையம் வழியாகச் சாலையில் தூரம் குறைவு. ஆனால் சென்னைக்குத்தான் கூட்டம் சேர்கிறது; அதனால்தான் இரண்டு தடத்திலும் அடிக்கடி வண்டி.

விமானக் கணக்கும் இதுவே. 10 ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 45 தடங்கள் வேண்டும். ஓர் ஊரை நடுவில் வைத்தால் 9 போதும். சென்னையிலிருந்து ஹாம்பர்க்குக்கு மட்டும் தினமும் ஒரு விமானம் நிறையாது. லண்டனுக்கும் நைரோபிக்கும் போகிறவர்கள் சேர்ந்தால் துபாய் விமானம் நிறைந்துவிடும். அமெரிக்காவில் 1978-இல் விமானத் தடங்கள் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு இந்த முறை அங்கே வேகமாகப் பரவியது.

நேர் விமானம் இருக்கிற ஊருக்கு, வயதான அம்மாவோடு போனால், கூடுதல் காசு கொடுத்தாவது அதில்தான் ஏறுவேன். ஆனால் 'டைரக்ட்' என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. ஒரே விமான எண்ணில் வழியில் ஓர் ஊரில் நின்று போவதற்கும் அந்தப் பெயர் உண்டு. நிற்காமல் போவது 'நான்-ஸ்டாப்'.

மாறித்தான் போக வேண்டும் என்றால், முதலில் பார்க்க வேண்டியது பிஎன்ஆர், அதாவது முன்பதிவு எண். இரண்டு விமானமும் ஒரே முன்பதிவில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊருக்கே போய்விடும். ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனியாக டிக்கெட் வாங்கினேன். முதல் விமானம் தாமதம், இரண்டாவது போய்விட்டது. மிச்சம் பிடித்ததைப் போல மும்மடங்கு கொடுத்துப் புது டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று.

"ரெண்டுமே ஒரே பிஎன்ஆர்தான் அண்ணே. ஃபிராங்க்ஃபர்ட்ல 55 நிமிஷம், துபாய்ல 3 மணி நேரம்."

"ஃபிராங்க்ஃபர்ட்ல இறங்கினா அங்கேயே இமிக்ரேஷன் வரிசையில நிக்கணும், அப்புறம்தான் ஹாம்பர்க் விமானம். துபாய்ல பாதுகாப்புச் சோதனை மட்டும்தான். இமிக்ரேஷன் ஹாம்பர்க் போய்த்தான். முதல் பயணம் உனக்கு. துபாய் வழியாவே போ தம்பி."