செவிடாகும் காவல்

உடலின் காவலை ஊர்க்காவலுக்கு ஒப்பிடலாம். கள்வன் புகுந்த வீட்டார் கூக்குரலிட, அயலார் கதவடைத்து விழித்திருப்பர். அவ்வாறே வைரசு புகுந்த கலமும் இன்ரபெரோன் என்னும் புரதத்தை வெளிவிட்டு அயற்கலங்களை எச்சரிக்கின்றது. 1957ஆம் ஆண்டில் இலண்டனில் அலிக் ஐசாக்சு, ஜீன் லிண்டென்மன் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். பிறப்பிலேயே நமக்கு வாய்த்த இக்காவல், வந்த வைரசு எதுவாயினும் விரைந்து தொழிற்படுவது.

ஆயின், பத்துப் புரதங்களையே ஆக்கவல்ல டெங்கு வைரசு இக்காவலை எங்ஙனம் வெல்கின்றது? எச்சரிக்கை பயன்தருமுன் தான் புகுந்த கலத்தை அது செவிடாக்கிவிடுகின்றது. இன்ரபெரோன் கொணரும் செய்தியைக் கலத்தின் கருவுக்கு எடுத்துச் செல்லும் தூதுவருள் ஒன்று ஸ்டாற்-2 என்னும் புரதம். வைரசின் என்.எஸ்.5 என்னும் புரதம் அத்தூதுவனைப் பற்றி, கலத்தின் கழிவகற்றும் பொறிமுறையைக் கொண்டே சிதைப்பிக்கின்றது. தூது கருவை அடையாமையால், வைரசை எதிர்க்கும் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் விழித்தெழுவதில்லை. எலியின் ஸ்டாற்-2 இவ்வாறு சிதைக்கப்படுவதில்லை. எலிகள் இந்நோய்க்கு எளிதில் ஆளாகாமைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

வைரசின் வெற்றி முற்றானதன்று. பின்னர் எழும் பிறபொருளெதிரிகள் முதலியவற்றின் துணையாற் பெரும்பாலோர் குணமடைவர். எனினும், 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் ஏறத்தாழ 1,86,000 பேர் டெங்கு நோய்க்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டமையை நாம் மறத்தற்கியலாது. இவ்வைரசை அழிக்கும் தனி மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை.

அகக்காவல் ஏமாற்றப்படுமாயின் புறக்காவல் நமது கடனன்றோ? வளவிற் கிடக்கும் சிரட்டையில் தேங்கிய நீரை ஊற்றிவிடும் மாணவன், நுளம்பு பெருகுமிடத்தை ஒழித்து, வைரசு நம் கலங்களை அணுகுமுன்னரே அதன் வழியை அடைத்தவனாவான்.