ஒரே ஒரு இன்ஜினை நம்பி ஒரு ரயில்வே! - 'தாமஸ்' கார்ட்டூனுக்குப் பின்னால் ஒரு நிஜக் கதை

சின்ன வயசுல 'தாமஸ் அண்டு ஃப்ரெண்ட்ஸ்' பார்த்திருக்கீங்களா? அதுல ஸ்கார்லோய், ரீனியாஸ்னு ரெண்டு குட்டி இன்ஜின்கள் வருமே, அவற்றின் அசல்கள் நிஜமாவே இருக்கு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், டவின் என்ற கடலோர ஊரில். பெயர்கள் டாலிலின், டோல்கோக். 1860-களில் செஞ்ச நீராவி இன்ஜின்கள்.

மலைமேல் இருந்த குவாரியிலிருந்து, கூரைக்குப் போடும் சிலேட் கல்லை இறக்கத்தான் இந்த டாலிலின் ரயில்வேயைப் போட்டாங்க. நீளம் 12 கி.மீ.கூட இல்லை. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 686 மி.மீ. இடைவெளிதான். நம்ம ஊர் பிராட் கேஜ் 1,676 மி.மீ. என்றால், எவ்வளவு குட்டி ரயில்னு பார்த்துக்கோங்க. மலைச்சரிவில் சட்டுனு வளையவும் செலவைக் குறைக்கவும் குறுகிய பாதைதான் வசதி.

1911-ல் இதை வாங்கிய ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் என்ற எம்.பி., தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும்னு வாக்குக் கொடுத்திருந்தார். 1946 கடைசியில் பாறை சரிஞ்சு குவாரி மூடப்பட்டது. அப்பவும் நஷ்டத்திலேயே ரயிலை ஓட்டினார். 1948-ல் பிரிட்டன் அரசு ரயில்வேக்களை எல்லாம் தேசியமயமாக்கியபோது, இந்தக் குட்டிப் பாதை அந்தப் பட்டியலில் சேரவே இல்லை. 1950 ஜூலையில் அவர் இறந்துபோனார்.

அடுத்து பழைய இரும்புக் கடைதான்னு எல்லாரும் நினைச்சப்போ, எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் குறுக்கே வந்தார். 1950 அக்டோபரில் பர்மிங்ஹாம் நகர ஹோட்டல் ஒன்றில் கூட்டம் போட்டு, ஒரு சங்கம் உருவானது. ஜோன்ஸின் மனைவி பங்குகளை விட்டுக்கொடுத்தார். தன்னார்வலர்கள் காப்பாற்றி ஓட்டிய உலகின் முதல் ரயில்வே இதுதான்.

கேட்க அழகா இருக்கு. ஆனா கையில் வந்தது என்ன தெரியுமா? ரெண்டு இன்ஜின்ல டாலிலின் ஏற்கெனவே படுத்துடுச்சு. ஓடுற நிலையில் இருந்தது 85 வயசு டோல்கோக் மட்டும்தான். அது நின்னா கதை முடிஞ்சது. பாதையோ அதைவிட மோசம். ஸ்லீப்பர் கட்டைகள் மக்கிப்போய், பல இடங்களில் தண்டவாளத்தைப் பிடிச்சு வெச்சிருந்ததே அடர்ந்து வளர்ந்த புல்தான். சுத்தம் பண்றேன்னு புல்லை எடுத்தா, பாதையே விரிஞ்சுடும் அபாயம்!

பழசைப் பாதுகாக்கிறதுன்னா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறதுன்னு நினைப்போம். ரயிலுக்கு அது சரிவராது. ஓட்டினாத்தான் டிக்கெட் காசு வரும், காசு வந்தாத்தான் ரிப்பேர் நடக்கும். ஆனா ஓட்ட ஓட்டத் தேயும். இந்தச் சிக்கலோடுதான் 1951 மே 14 அன்று முதல் ரயில் கிளம்பியது. அதுவும் கொஞ்ச தூரம் மட்டும்.

அதிர்ஷ்டம் பக்கத்து ஊரில் இருந்தது. 1948-ல் மூடிய கோரிஸ் ரயில்வேயும் அதே 686 மி.மீ. கேஜ்தான். அங்கே சும்மா நின்ற ரெண்டு இன்ஜின்களை, ஒவ்வொன்றும் 25 பவுண்டுன்னு வாங்கிட்டாங்க. அவற்றின் எண்கள் 3, 4. இங்கே இருந்தவை 1, 2. பெயின்ட் செலவுகூட மிச்சம்! ஆனா 3-ம் எண் இன்ஜினின் சக்கரப் பட்டை குறுகல். விரிஞ்சுபோன பாதையில் அது தண்டவாளங்களுக்கு நடுவே கீழே விழுந்தது. 4-ம் எண்ணை ஹன்ஸ்லெட் என்ற இன்ஜின் கம்பெனி இலவசமாகவே சரிசெய்து கொடுக்க, அது 1952-ல் வேலைக்கு வந்தது. அதுவரை முழு பாரமும் டோல்கோக் தலையில்தான்.

அப்போ கார்டாக வேலைபார்த்த தன்னார்வலர்களில் ஒருவர் ஆவ்ட்ரி என்ற பாதிரியார். தாமஸ் கதைகளை எழுதியவர் அவரேதான். டோல்கோக்கை ரீனியாஸாகவும், டாலிலினை ஸ்கார்லோயாகவும் கதைக்குள் கூட்டிப்போனார். கோரிஸிலிருந்து வந்த ரெண்டும் சர் ஹேண்டல், பீட்டர் சாம் ஆகின.

டோல்கோக்குக்கு 1954-ல்தான் ஓய்வு கிடைச்சது. முழுசா பிரிச்சுச் சரிசெய்து, 1963-ல் திரும்பவும் பாதைக்கு வந்தது. படுத்துக்கிடந்த டாலிலின் அதற்கும் முன்னாடி, 1958-லேயே எழுந்து ஓட ஆரம்பிச்சுடுச்சு.